இடம் விட்டு எழுதுவதில் இத்தனை சண்டையா!

கம்ப்யூட்டர் நிபுணர்களை 2 கட்சியாகப் பிரித்த பொத்தான்

அமெரிக்க டெலிவிஷனில் "சிலிக்கான் வேலி" என்று ஒரு நகைச்சுவை நாடகம் 2014-ம் ஆண்டு முதல் 2019-ம் ஆண்டு வரை நடந்தது. அதில் 2016-ம் ஆண்டு ஒரு காட்சி வந்தது.

கதாநாயகன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வாலிபன். அவனுக்கு ஒரு காதலி கிடைக்கிறாள். அவளும் அதே தொழில் தெரிந்தவள். கெட்டிக்காரி. இருவருக்கும் மனம் ஒத்துப் போகிறது.

ஒரு நாள் அவள் டைப் அடிக்கும் சத்தம் அவன் காதில் விழுகிறது. "டக், டக், டக், டக்" என்று ஒரே பொத்தானை அவள் பல தடவை தட்டுகிறாள். அவனால் தாங்க முடியவில்லை. வாய்ச்சண்டை மூள்கிறது. காதல் முறிகிறது!

ஒரு பொத்தானைத் தட்டியதற்காகக் காதல் முறியுமா? நாடகம் கற்பனைதான். ஆனால் அதில் வரும் சண்டை கற்பனை அல்ல. கம்ப்யூட்டர் தொழிலில் உள்ளவர்கள் அந்தச் சண்டையைப் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறார்கள். வரிகளை எவ்வளவு தூரம் உள்ளே தள்ளி எழுதுவது என்பதுதான் சண்டைக்குக் காரணம்.

அம்மா கொடுத்த சீட்டு

கம்ப்யூட்டர் ஒரு எந்திரம். சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. ஆகவே அது செய்ய வேண்டிய வேலையை வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிய கட்டளைகளுக்குத்தான் "புரோகிராம்" என்று பெயர்.

கடைக்குப் போகும் பையனுக்கு அம்மா சீட்டு எழுதிக் கொடுப்பது போன்றதுதான் இது. சீட்டைப் பாருங்கள்:

கடைக்குப் போ.
கத்தரிக்காய் பிஞ்சாக இருந்தால்
        அரை கிலோ வாங்கு.
        கொத்தமல்லியும் வாங்கு.
வீட்டுக்கு வா.

நடுவில் உள்ள 2 வரிகள் உள்ளே தள்ளி இருக்கின்றன. கத்தரிக்காய் பிஞ்சாக இருந்தால் மட்டுமே அந்த 2 வேலைகளையும் செய்ய வேண்டும். முற்றலாக இருந்தால் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வருவது மட்டும் எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அதனால் அந்த வரி ஓரத்துக்கு வந்து விட்டது.

எந்த வேலை எதற்குள் அடங்கியது என்பது பார்த்த உடனே புரிகிறது அல்லவா? இதற்காகத்தான் புரோகிராமிலும் வரிகளை உள்ளே தள்ளி எழுதுகிறார்கள்.

பெரும்பாலான கம்ப்யூட்டர் மொழிகளில் எந்திரம் இந்த இடைவெளியைக் கவனிப்பதே இல்லை. எல்லா வரிகளையும் ஓரமாகவே எழுதினாலும் அது வேலை செய்யும். இடம் விடுவது எந்திரத்துக்காக அல்ல. படிக்கும் மனிதனின் கண்ணுக்காக.

2 கட்சிகள்

சரி, உள்ளே தள்ளுவது எப்படி? அதற்கு 2 வழிகள் உண்டு.

ஒன்று, "டேப்" என்னும் பொத்தான். இது பழைய டைப்ரைட்டரில் இருந்து வந்தது. பட்டியல் அடிக்கும்போது எண்கள் ஒரே நேராக வர வேண்டும். அதற்காக, ஒரு தட்டு தட்டினால் குறித்த இடத்துக்குத் தாவும்படி அந்தப் பொத்தானை வைத்தார்கள். டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மற்றொன்று, "ஸ்பேஸ் பார்" என்னும் நீளமான பொத்தான். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதற்காகத் தட்டுவது இதைத்தான். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து அளவு இடம் விழும். 4 எழுத்து உள்ளே தள்ள வேண்டுமானால் 4 இடைவெளி வேண்டும்.

டேப் கட்சியார் சொல்வது இது: "டேப் ஒரே ஓர் அடையாளம். அதை 2 எழுத்து அகலமாகவும் காட்டலாம். 8 எழுத்து அகலமாகவும் காட்டலாம். படிப்பவர் தம் வசதிக்குத் தக்கபடி வைத்துக் கொள்ளலாம்."

இடைவெளிக் கட்சியார் சொல்வது இது: "அதுதான் தொல்லை! ஒருவர் திரையில் அழகாகத் தெரிவது, மற்றவர் திரையில் கோணல் மாணலாகத் தெரியும். இடைவெளி விட்டால் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும்."

2 பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை தீரவில்லை.

எவ்வளவு இடம் விட்டால் நல்லது என்று அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 1983-ம் ஆண்டு வெளிவந்தது. 2 முதல் 4 எழுத்து அளவு உள்ளே தள்ளினால் நன்றாகப் புரிகிறது என்று அவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டும் சண்டைக்காரர்கள் ஓயவில்லை.

பலர் கை பட்டால்

ஒருவர் தனியாக எழுதினால் எப்படி எழுதினாலும் கேட்பார் இல்லை. பலர் சேர்ந்து எழுதும்போதுதான் தகராறு வருகிறது.

பெரிய புரோகிராம்களில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். பல நாடுகளில் உள்ளவர்கள் அதைத் திருத்துவார்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து, சரி பார்த்த பிறகே சேர்ப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் ஒரு பிழையைத் திருத்தப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. ஆனால் அவர் டேப் கட்சி. கண்ணில் பட்ட இடைவெளிகளை எல்லாம் டேப்பாக மாற்றி விடுகிறார். இப்போது 1,000 வரிகள் மாறியதாகக் கணக்கு காட்டும். சரி பார்ப்பவர் உண்மையான திருத்தத்தை எங்கே தேடுவார்? வைக்கோல் போரில் ஊசியைத் தேடுகிற கதைதான்!

இன்னொரு சங்கடமும் உண்டு. எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று பதிவு வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதற்கு "கிட்" என்ற கருவி பெரிதும் பயன்படுகிறது. அது 2005-ம் ஆண்டு வந்தது. இடைவெளியை மட்டும் மாற்றியவரின் பெயர் எல்லா வரிகளிலும் ஏறி விட்டால், முதலில் எழுதியவர் யார் என்பது மறைந்து விடும். பிறகு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

இந்தத் தொல்லையைச் சமாளிக்க 2019-ம் ஆண்டு "கிட்" கருவியில் ஒரு வசதி சேர்த்தார்கள். இடைவெளியை மட்டும் திருத்திய மாற்றங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால், அவற்றை ஒதுக்கி விட்டு, அதற்கு முன் எழுதியவரின் பெயரை அது காட்டும். சின்னச் சண்டையாக இருந்தால் இப்படி ஒரு வசதி தேவைப்பட்டிருக்குமா?

பெரியவர்கள் சொன்னது

"சி" என்ற புகழ் பெற்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவரும் பிரையன் கெர்னிகன் என்பவரும் சேர்ந்து 1978-ம் ஆண்டு அந்த மொழிக்கு ஒரு பாடப் புத்தகம் எழுதினார்கள்.

அப்போதே இந்தச் சண்டை இருந்தது. கட்டளைகளைச் சுற்றிப் போடும் அடைப்புக்குறியை எங்கே வைப்பது என்று பலர் ஆவேசமாக வாதாடினார்கள். புத்தகம் எழுதிய இருவரும் அதில் சிக்கவில்லை. வழக்கத்தில் உள்ள ஒரு முறையைத் தாங்கள் எடுத்துக் கொண்டதாகச் சொன்னார்கள். "உங்களுக்குப் பிடித்த முறையைப் பிடித்துக் கொள்ளுங்கள், ஆனால் அதை மாற்றாமல் கடைப்பிடியுங்கள்" என்ற கருத்தில் எழுதினார்கள்.

லினஸ் டார்வால்ட்ஸ் அவ்வளவு சாது அல்ல. அவர் பின்லாந்து நாட்டுக்காரர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1991-ம் ஆண்டு, "லினக்ஸ்" என்னும் புரோகிராமை உண்டாக்கினார். ஆண்ட்ராய்டு செல்போன்களுக்கு அடித்தளமாக இருப்பது அதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் கைகொடுத்து வளர்த்த புரோகிராம் அது.

எழுத வருகிறவர்களுக்காக அவர் விதிகள் வகுத்தார். டேப் போட வேண்டும். அதன் அகலம் 8 எழுத்து என்பது விதி. 20 மணி நேரம் திரையைப் பார்த்துக் கண் களைத்தவனுக்கும் வரிகளின் அமைப்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

"8 எழுத்து தள்ளினால் வரி சீக்கிரம் வலது ஓரத்தை முட்டுமே!" என்று சிலர் கேட்டார்கள். அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக 3 படிக்கு மேல் போனால், கோளாறு இடைவெளியில் இல்லை. எழுதியவரின் புரோகிராமில்தான் இருக்கிறது, அதைத் திருத்துங்கள் என்றார்!

ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய "குனு" என்ற அமைப்பு 2 எழுத்துத் தள்ளும் முறையை வைத்திருக்கிறது. அந்த அமைப்பின் விதிப் புத்தகத்தை அச்சடித்துக் கொளுத்தலாம் என்று லினக்ஸ் விதிகளில் கேலி செய்திருக்கிறது. கேலிதான். ஆனால் சூடு எவ்வளவு என்பது தெரிகிறது அல்லவா?

கண்ணை ஏமாற்றிய வரி

"வேலை இல்லாதவர்களின் வீண் சண்டை இது" என்று தோன்றலாம். 2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்ததைக் கேளுங்கள்.

ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனி அந்த மாதம் 21-ந் தேதி அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. காரணம் ஒரே ஒரு வரி. தவறுதலாக 2 தடவை எழுதப்பட்டிருந்த வரி.

போனில் இருந்து ரகசியமான செய்தி அனுப்பும்போது, மறுமுனையில் இருப்பவர் உண்மையான ஆள்தானா என்று போன் சோதிக்க வேண்டும். வாசலில் நிற்கும் காவல்காரர் சீட்டு வாங்கிச் சோதிப்பது போன்றது அது. அந்தக் கட்டளை ஏறக்குறைய இப்படி இருந்தது:

முத்திரை தவறு என்றால்
        சோதனையை நிறுத்து.
        சோதனையை நிறுத்து.
கையெழுத்தைச் சோதி.

பார்ப்பவர் கண்ணுக்கு என்ன தெரியும்? முத்திரை தவறாக இருந்தால்தான் அந்த 2 வரிகளும் நடக்கும் என்று தெரியும். ஆனால் "சி" மொழியின் விதி வேறு. அடைப்புக்குறி போடாவிட்டால் "என்றால்" என்பதற்குக் கீழே உள்ள முதல் வரி மட்டும்தான் அதற்குள் அடங்கும். 2-வது வரி தனி வரி. அது எப்போதும் நடக்கும்!

ஆகவே, முத்திரை சரியாக இருந்தாலும் சோதனை அங்கேயே நின்று விட்டது. கையெழுத்தை யாரும் பார்க்கவில்லை. அதுவரை குறை எதுவும் அகப்படவில்லை. "சரி, உள்ளே விடு" என்று எந்திரம் முடிவு கட்டி விட்டது. நடுவில் புகுந்த திருடன், உண்மையான ஆள் போல நடித்து ரகசியத்தைப் படிக்க வழி பிறந்தது.

அந்த வரி உள்ளே தள்ளி இருந்ததுதான் விபரீதம். அது ஓரத்தில் நின்றிருந்தால், "இது ஏன் இங்கே தனியாக நிற்கிறது?" என்று கண்ணை உறுத்தியிருக்கும். எந்திரம் ஒரு விதமாகவும் மனிதன் வேறு விதமாகவும் ஒரே சீட்டைப் படித்தார்கள்.

இப்படி நேரக்கூடாது என்று 2016-ம் ஆண்டு "ஜி.சி.சி." என்னும் கருவியில் ஒரு புதிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. மனிதர் எழுதிய புரோகிராமை எந்திரத்தின் மொழிக்கு மாற்றும் கருவி அது. வரியின் இடைவெளி ஒன்று சொல்லி, கட்டளை வேறொன்று சொன்னால் அது எழுதியவரை எச்சரிக்கும்.

ஆப்சைடு!

எந்திரமும் மனிதனும் ஒரே மாதிரி படிக்க வழி இல்லையா? உண்டு. இடைவெளியையே கட்டளையின் பகுதியாக ஆக்கி விடுவதுதான் அந்த வழி.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் பீட்டர் லாண்டின் 1966-ம் ஆண்டே இந்த யோசனையைச் சொன்னார். அதற்குக் கால்பந்து ஆட்டத்தில் இருந்து "ஆப்சைடு விதி" என்று பெயர் எடுத்து வைத்தார். எல்லை தாண்டி நிற்கும் ஆட்டக்காரர் போல, இடம் மாறி நிற்கும் வரியும் விதியில் சிக்கும்.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம், 1991-ம் ஆண்டு "பைத்தான்" மொழியை வெளியிட்டார். அதில் எந்த வரி எதற்குள் அடங்கியது என்பதை இடைவெளிதான் தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெரிவதே எந்திரத்துக்கும் தெரியும்.

சண்டை தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது. டேப்பா, இடைவெளியா என்ற கேள்வி அங்கேயும் வந்தது. 4 இடைவெளி விடுவது நல்லது என்று 2001-ம் ஆண்டு விதி எழுதினார்கள். 2008-ம் ஆண்டு வந்த 3-வது பைத்தானில் கண்டிப்பு கூடியது. அளவு குழம்பும்படி டேப்பையும் இடைவெளியையும் கலந்து எழுதினால், பைத்தான் அந்தப் புரோகிராமை ஏற்காது.

எந்திரமே நாட்டாண்மை

கூகுள் கம்பெனியில் ராபர்ட் கிரீசமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய 3 பேர் சேர்ந்து "கோ" என்ற மொழியை உண்டாக்கினார்கள். அது 2009-ம் ஆண்டு வெளிவந்தது. அவர்கள் சண்டையை வேறு விதமாக முடித்தார்கள்.

அந்த மொழியோடு "கோபம்ட்" என்ற ஒரு கருவியையும் கொடுத்தார்கள். எழுதுபவர் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். கடைசியில் அந்தக் கருவி எல்லா வரிகளையும் ஒரே முறைக்கு மாற்றி விடும். அது தேர்ந்தெடுத்தது டேப்.

"எனக்கு இது பிடிக்கவில்லை" என்று யாரிடம் சண்டை போடுவது? எந்திரம் பதில் பேசாது! அந்தக் கருவி கொடுக்கும் வடிவம் தனித்தனியாக யாருக்கும் ரொம்பப் பிடித்தது அல்ல; ஆனால் அந்தக் கருவியை எல்லாருக்கும் பிடிக்கும் என்று ராப் பைக் வேடிக்கையாகச் சொன்னது உண்டு.

பைத்தான் மொழிக்கும் 2018-ம் ஆண்டு "பிளாக்" என்ற இதே மாதிரிக் கருவி வந்தது. அது இடைவெளிக் கட்சி!

12 பேருக்காக

ஒரு முறையை ஆரம்பத்திலேயே யோசித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் என்பவர் 1976-ம் ஆண்டு "மேக்" என்ற கருவியைச் செய்தார். ஒரு புரோகிராமின் பல பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும் கருவி அது. அதில் குறிப்பிட்ட சில வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்று அவர் வைத்தார். இடைவெளி போட்டால் வேலை செய்யாது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். புதிதாகக் கற்றவர்கள் திண்டாடினார்கள்.

இது சரி இல்லை என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய 12 பேர் அந்தக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கி விட்டார்கள். அவர்களுக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம் என்று அப்படியே விட்டு விட்டார்.

அன்று 12 பேர். பிறகு அந்தக் கருவி உலகம் முழுவதும் பரவியது. அன்று விட்ட விதி இன்றும் நீடிக்கிறது!

விரலால் படிப்பவர்கள்

இந்த வழக்கில் யாரும் அதிகமாகக் கேட்காத சாட்சி ஒன்று உண்டு. பார்வை இல்லாத புரோகிராம் நிபுணர்களின் சாட்சி அது.

அவர்களில் பலர் பிரெய்ல் பட்டை என்ற கருவியில் விரல் வைத்துப் படிக்கிறார்கள். வரியில் உள்ள எழுத்துகள் அதில் புள்ளிகளாக எழும்பும். பல கருவிகளில் 40 எழுத்துக்குத்தான் இடம் இருக்கும். 3 படி உள்ளே தள்ளிய வரியில், படிக்கு 4 இடைவெளி என்றால் 12 இடம் வெறுமையாகவே போய் விடும். டேப் ஒன்றுக்கு ஓர் இடம் என்றால் 3 இடம்தான் போகும். கண் பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள். அவர்களுக்கும் அகலத்தைக் குறைத்துக் கொள்ளும் வசதி உதவும்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் பார்வை இல்லாதவர். 2006-ம் ஆண்டு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் "என்.வி.டி.ஏ." என்ற புரோகிராமை அவர் எழுதத் தொடங்கினார். அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதைப் பேச்சாலும் ஒலியாலும் தெரிவிக்கும் வசதி அதில் இருக்கிறது.

அந்தப் புரோகிராம் பெரும்பாலும் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தான்காரர்களின் வழக்கம் 4 இடைவெளி. ஆனால் என்.வி.டி.ஏ.வின் விதியோ, படிக்கு ஒரு டேப்!

ஊர் வழக்கம் ஒன்றாக இருந்தாலும், தங்களுக்கு ஏற்ற வழியை அவர்கள் வகுத்துக் கொண்டார்கள். சேர்ந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரே விதியை மதிக்கிறார்கள்.

டேப்பா, இடைவெளியா என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான தீர்ப்பு இல்லை. ஆனால் வேலையைத் தொடங்கும் முன் அதைப் படிக்கப் போகிறவர்கள் யார் யார் என்று கேட்டு, எல்லாருக்கும் வசதியான ஒரு முறையை முடிவு செய்யலாம். முடிவு செய்த பிறகு, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன்படி எழுத வேண்டும். கூடி எழுதுகிற இடத்தில் சொந்த விருப்பத்தைவிட, அடுத்தவர் தடுமாறாமல் படிப்பதுதான் பெரிது.